சபரில் இருப்பவரிடம் சொல்லாதது

கடைசி விமானம் கிளம்பிப் பத்து நாள் கழித்துத்தான் நான் உண்டாகியிருப்பது எனக்குத் தெரிந்தது. கடைசி விமானம் என்றால் தென் துருவத்திலிருந்து கிளம்புகிற கடைசி விமானம். பிப்ரவரி நடுவில் அது போய்விட்டால் அக்டோபர் கடைசி வரை அங்கே எதுவும் இறங்காது, அங்கிருந்து எதுவும் ஏறாது. அந்தக் குளிரில் விமானத்தின் எரிபொருளே கெட்டியாகிவிடுமாம். என் கணவர் அங்கே இருந்தார். நான் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில், பாத்ரூம் தரையில் உட்கார்ந்து இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் விஞ்ஞானி இல்லை. கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர். துருவத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது, அதன் கம்ப்யூட்டர்களைக் குளிர்காலம் முழுக்கக் கவனிக்க ஆள் வேண்டும் என்று 2007 கடைசியில் யாரோ சொல்ல, இவர் அப்ளை பண்ணிவிட்டார். என்னிடம் சொன்னது வேலை கிடைத்த பிறகு. வீட்டில் ஏசி ஒரு மணி நேரம் நின்றால் போதும், ரிப்பேர்காரனுக்குப் பத்து தடவை போன் போடுகிற மனிதர். "வெயில்தான் எனக்கு ஆகாது, குளிர் ஒத்துக்கும்" என்றார். மூன்று நாள் நான் பேசவில்லை. நான்காம் நாள் அவருக்குக் கம்பளிச் சாக்ஸ் வாங்கக் கடைக்குப் போனேன். என் கோபம் வந்த வேகத்தில் போய்விடும். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

போகும் முன் பல்லிலிருந்து இதயம் வரை எல்லாவற்றையும் சோதித்தார்கள். மனதையும் சோதித்தார்கள். கட்டுக்கட்டாகக் கேள்வித்தாள். யாரோ பின்னால் நடந்து வருவதுபோல் உங்களுக்குத் தோன்றுமா என்று ஒரு கேள்வி. சமையலறை மேஜையில் உட்கார்ந்து அதை எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தார். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"அங்க ஒருத்தனுக்கு மனசு கெட்டுப் போச்சுன்னா திருப்பி அனுப்ப முடியாதுல்ல? அதான் செக் பண்றாங்க."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். ஜனவரி கடைசியில் ஆஸ்டின் விமான நிலையத்தில் அவரை இறக்கிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் என் காதில் கிடந்தது.

நான் கீழக்கரைக்காரி. எங்கள் பக்கத்தில் ஆண்கள் வெளிநாடு போவதற்குச் சபர் என்று பெயர். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்களின் வீடுகளில்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். அந்த வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. சபரில் இருக்கிறவருக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. என் வாப்பா சிங்கப்பூரில் இருந்தபோது அவருடைய தம்பி இறந்துபோனார். நாற்பது நாள் கழித்துத்தான் வாப்பாவுக்குச் சொன்னார்கள். அதுவரை தம்பி சலாம் சொன்னதாகவே கடிதம் எழுதினார்கள். யாரும் இதைப் பொய் என்று சொன்னதில்லை. அக்கறை என்றுதான் சொன்னார்கள்.

குழந்தை விஷயத்தை நான் போனில்தான் சொன்னேன். செயற்கைக்கோள் வழியாக வரும் பேச்சு அது. அங்கே தலைக்கு மேல் செயற்கைக்கோள் இருக்கும் சில மணி நேரத்தில்தான் போன் கிடைக்கும். நாம் சொன்னது போய்ச் சேர்ந்து பதில் வரவும் கொஞ்சம் நேரமாகும். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அந்த நிலையம் முழுக்க என் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. ஐம்பது சொச்சம் பேர், எட்டு மாதம், ஒரே கட்டடம். வாரத்துக்கு இரண்டு குளியல், அதுவும் இரண்டிரண்டு நிமிடம். மார்ச்சில் சூரியன் இறங்கினால் செப்டம்பரில்தான் வரும். தொலைநோக்கிக் கட்டடத்துக்கு இருட்டில், வழி தெரிய நட்டுவைத்த கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்து போவாராம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வீட்டில் குழந்தை வரப்போகிறது என்றால் அது எல்லோருக்குமான செய்தி. சமையல்காரர் ஒவ்வொரு வாரமும் எத்தனையாவது வாரம் என்று கேட்பாராம். ஜெனரேட்டரைக் கவனிக்கும் ஆள் பெட்டி உடைத்த பலகையில் தொட்டில் செய்ய ஆரம்பித்துவிட்டார். "தொட்டிலை எப்படி விமானத்துல கொண்டு வருவீங்க?" என்று கேட்டேன். "மடக்குற மாதிரி செய்றாரு" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

மே மாதம் கடைசி வாரத்தில் எனக்கு இரத்தம் போனது. இருபதாவது வாரம். இரண்டு வீடு தள்ளியிருந்த ஆன்ட்டிதான் காரில் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கார் சீட்டில் துண்டை விரித்து என்னைப் படுக்க வைத்துவிட்டு, அத்தனை சிக்னலிலும் "இன்னும் கொஞ்சம்தான் பிள்ளை, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

ஆண் பிள்ளை. ஒரு கையில் வைத்துக் காட்டினார்கள். விரல்களில் நகம் இருந்தது.

நாலு மாதம் தாண்டிவிட்டால் எங்கள் வழக்கத்தில் முழு மனிதன்தான். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஜனாஸா தொழுகை வைத்து அடக்க வேண்டும். பள்ளிவாசலிலிருந்து நான்கு பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. நான் கட்டிலில் இருந்தேன். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, நான்தான் போன் செய்தேன். முதலில் அழுதார். அழுது முடித்ததும் குரல் மாறிவிட்டது.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மாமி."

"சொல்லாத. எம் புள்ள இருட்டுக்குள்ள கெடக்குறான். இத கேட்டு அவன் புத்தி பேதலிச்சுப் போனா யாரு இருக்கா அங்க? பிளேனு வருமா? நீ போவியா, நான் போவேனா? வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

மாமி இதைச் சொல்லவே வேண்டியதில்லை. அவர் சொல்வதற்கு முன்பே நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருட்டில் கொடிகளை விட்டு விலகி எங்கோ நடந்து போகிற ஒரு ஆளைத்தான் கண்ணை மூடினால் பார்த்தேன். குழந்தை போய்விட்டது, இவரையும் தொலைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பழியை மாமி மேல் போட்டுவிடலாம் என்று பின்னால் பல தடவை முயன்றிருக்கிறேன். முடியவில்லை. நாக்கு என்னுடையது.

ஆன்ட்டி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சி கொண்டு வந்து வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இண்டைக்கே சொல்லிப்போடும் பிள்ளை. அவர் சின்னப் பிள்ளையே? நாள் போகப் போக உமக்குத்தான் கஷ்டம்."

"அங்கேருந்து அவர் வர முடியாது ஆன்ட்டி."

"வரேலாதுதான். அழலாம்தானே?"

எனக்குக் கோபம் வந்தது. இவருக்கென்ன தெரியும் என்று நினைத்தேன். மறுநாள் என் கணவரின் போன் வந்தது. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். சளி என்றேன். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா இருக்கு மச்சான்."

அவ்வளவுதான். இரண்டு வார்த்தையில் ஆரம்பித்தது. அந்த இரண்டு வார்த்தையைக் காப்பாற்ற மீதி நாலரை மாதமும் போனது. மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்துகொண்டிருந்தபோது ஐந்தாம் மாதக் கதை சொன்னேன். எந்த வாரத்தில் குழந்தை என்ன செய்யும் என்று இன்டர்நெட்டில் படித்துக் குறித்துவைத்துக்கொண்டு, அதைப் பார்த்து ஒப்பித்தேன். உதைக்கிறது என்றேன். விக்கல் எடுக்கிறது என்றேன். அவருடைய குரலைக் கேட்டால் அசைகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவர் சந்தோஷப்பட வேண்டும் என்று நானாகச் சேர்த்தது. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு தடவையும் போனை வயிற்றில் வைக்கச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். நான் போனைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிடுவேன். அப்படியும் அவர் குரல் கேட்கும்.

ஜூலையில் ஸ்கேன் படம் கேட்டார். கேமரா சரியில்லை என்றேன், டாக்டர் லீவு என்றேன். மூன்று வாரம் ஓட்டினேன். நான்காம் வாரம் இன்டர்நெட்டில் யாரோ ஒரு பெண் போட்டிருந்த படத்தை எடுத்து, ஓரத்தில் இருந்த பெயரை வெட்டிவிட்டு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. படத்தை அச்செடுத்துச் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் குத்தியிருக்கிறாராம். மூக்கு என் வாப்பா மூக்கு மாதிரியே இருக்கிறதாம்.

அந்தப் பெண் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவளுடைய பிள்ளை இப்போது நன்றாக வளர்ந்திருக்கும்.

செப்டம்பரில் நோன்பு வந்தது. இரவும் பகலும் இல்லாத ஊரில் எந்த நேரத்தை வைத்து நோன்பு பிடிப்பது என்று அவர் யோசித்து, ரவுண்ட் ராக் நேரத்தையே வைத்துக்கொண்டார். நான் தினமும் நோன்பு பிடிக்கும் சஹர் நேரமும் திறக்கும் மஃரிப் நேரமும் மெயிலில் அனுப்புவேன். எங்களுக்குச் சூரியன் இறங்கும்போது அவர்களுடைய கடிகாரத்தில் மதியச் சாப்பாட்டு வேளை. ஆகவே நோன்பு திறக்க அவருக்குத் துணைக்கு ஆள் நிறைய. எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான் என்பதால், மக்காவின் தீர்க்கரேகை பார்த்துச் சுவரில் டேப் ஒட்டி அந்தப் பக்கம் தொழுதாராம். என்னிடம் மட்டும் ஒரே கண்டிப்பு. எட்டு மாத வயிறு, நோன்பு பிடிக்கவே கூடாது.

நான் முப்பது நாளில் பிடிக்க முடிந்ததையெல்லாம் பிடித்தேன். அவரோடு சேர்ந்து அந்த ஒன்றையாவது செய்யலாம் என்று தோன்றியது. மதியம் மெயில் வரும், சாப்பிட்டாயா என்று. மீன் குழம்பும் சோறும் என்று எழுதுவேன். நோன்பு வாயோடு எழுதிய பொய்.

சூரியன் வந்துவிட்டதாக ஒருநாள் சொன்னார். ஆறு மாதத்துக்குப் பிறகு. எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தார்களாம். அதே பேச்சில்தான் இதையும் சொன்னார்.

"பொறந்ததும் வலது காதுல போன வை. பாங்கு நான்தான் சொல்லணும். இங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். அக்டோபர் ரெண்டாவது வாரம் யாருமே போன் யூஸ் பண்ண மாட்டாங்க, லைன எனக்கே விட்டுர்றாங்களாம். எந்த நேரம்னாலும் கூப்பிடலாம்."

பிறந்த குழந்தையின் காதில் விழும் முதல் சொல் வாப்பா சொல்லும் பாங்காக, தொழுகை அழைப்பாக, இருக்க வேண்டும். எனக்கு அது தெரியாததில்லை. எப்படியோ அதை நினைக்காமலே நாளைக் கடத்தியிருக்கிறேன். அவர் அங்கே தொண்டையைச் செருமிக்கொண்டு ஒத்திகை பார்த்தார். குரல் நன்றாக இருந்தது.

பெருநாள் முடிந்த வாரம் மாமி வழி சொன்னார்.

"இப்பத்தான் மவுத்தாப் பொறந்துச்சுன்னு சொல்லிடு. தேதி யாருக்குத் தெரியும்? இன்னும் ரெண்டு வாரத்துல பிளேனு வந்துரும். துக்கம்னா நம்ம வீட்டுக்குள்ள வந்து படட்டும்."

எவ்வளவு யோசித்தும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. மே மாதத்தை அப்படியே தூக்கி அக்டோபரில் வைத்துவிட்டால் போதும். எனக்குத் தெரிந்த எல்லோரையும் வாய் திறக்காமல் வைக்க முடியும். ஆன்ட்டியைக்கூட. எனக்குள்ளே ஏதோ இறங்கிப்போனது போல இருந்தது. அன்று பல மாதங்களுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன். சொல்ல வேண்டியதை எழுதிவைத்துக்கொண்டேன். நேற்று வலி வந்தது. துடிப்பு இல்லை என்றார்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் தட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்டது. சாப்பாட்டு நேரம்.

"பொறந்திருச்சா?"

"மச்சான், புள்ள தங்கல."

சத்தம் அடங்கியது. கதவைச் சாத்திக்கொண்டார் போல. குழந்தையைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்துக் காகிதத்தைக் கையில் பிடித்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"நீ எப்படி இருக்க? ரத்தம் நிறைய போச்சா? இப்ப ஆஸ்பத்திரிலயா இருக்க? யாரு கூட இருக்காங்க? நீ நிக்காத, படுத்துக்க. படுத்துக்கிட்டே பேசு."

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். உடம்பில் ஒரு நோவும் இல்லை. மே மாதம் எனக்கு வேண்டியிருந்த கேள்விகள் அவை, ஒன்று விடாமல். அன்று கட்டிலில் கிடந்தபோது இந்தக் குரல்தான் எனக்கு வேண்டியிருந்தது, அதை நானே வராமல் பார்த்துக்கொண்டேன். இப்போது அதை வாங்கிக்கொள்ள எனக்கு உடம்பு கூசியது.

"எப்ப ஆச்சு?" என்றார்.

"மே மாசம்."

பதில் வர நேரமாகும் லைன்தான். ஆனால் இவ்வளவு நேரம் ஆகாது.

"எந்த மே மாசம்?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஒன்றொன்றாகக் கேட்டார், வக்கீல் மாதிரி. உதைத்தது? பொய். விக்கல்? பொய். படம்? யாருடையது என்று தெரியாது. வயிற்றில் போனை வைத்தது? சோபாவில் வைத்தேன். அடக்கம் செய்தார்களா? செய்தார்கள். யார் தொழவைத்தது? தெரியாது.

"யாரோ நாலு பேரு தொழுதிருக்காங்க. எனக்குத் தெரியாது" என்றார்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன் மச்சான். திரும்பி வர வழியில்லையே, மனசு கெட்டுப் போயிட்டா..."

"அம்பது பேரு இருக்காங்க இங்க. எனக்கு ஒண்ணுன்னா என்ன விட்டிருவாங்களா? அழுதிருப்பேன். ஒரு வாரம், ஒரு மாசம் அழுதிருப்பேன். அவங்க உக்காந்து பாத்திருப்பாங்க. நீ அங்க தனியா கெடந்திருக்க. நான் இங்க உன் வயித்துக்கிட்ட பாட்டுப் பாடிட்டு இருந்திருக்கேன். இப்ப நான் வெளிய போகணும். வெளிய எல்லாரும் கேக்கு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பலகையில படம் இருக்கு. நான் என்னன்னு சொல்லி அத எடுப்பேன்?"

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அங்கிருந்து என்னோடு பேசவே இல்லை. இரண்டு வாரம் கழித்து முதல் விமானம் இறங்கியது. நவம்பரில் ஆஸ்டினில் வந்து இறங்கினார். தாடி, மெலிந்த முகம், கையில் ஒரே ஒரு பை. தொட்டில் இல்லை. காரில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, பிள்ளையை அடக்கிய பள்ளிவாசல் கபுர்ஸ்தானுக்கு வழி தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. போன் செய்து கேட்டுத்தான் போனோம்.

அவர் என்னைத் திட்டவில்லை. விட்டுப் போகவும் இல்லை. திட்டியிருக்கலாம் என்று எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது. அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். அடுத்த வருட ரமலானில் ஃபிரிஸ்கோவில் ஒரு நண்பர் வீட்டு நோன்பு திறப்புக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. நான் கேட்காமலே, முன் கண்ணாடியைப் பார்த்தபடி அவர் சொன்னார்.

அன்று போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னாராம். பொய் எதையும் மறைக்காமல். படத்தைக் கழற்றி அடுப்பில் போட்டாராம். பிறகு ஜனாஸா தொழப் போகிறேன், வழிவிடுங்கள் என்று மேஜையை நகர்த்தியிருக்கிறார். ஐந்து மாதம் தாமதம், எட்டாயிரம் மைலோ என்னவோ தூரம், ஆனாலும் தொழலாம். அந்தத் தொழுகையில் குனிவதோ நெற்றியைத் தரையில் வைப்பதோ கிடையாது. நின்றபடியே முடிந்துவிடும். அவர் கையைக் கட்டியபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டதாம். சமையல்காரர், ஜெனரேட்டர் ஆள், டாக்டர், இன்னும் இருபது முப்பது பேர் வரிசையாக வந்து நின்றார்களாம். ஒருவருக்கும் ஒரு வார்த்தையும் தெரியாது. முடியும் வரை நின்றார்களாம்.

"யாருமே இல்லாம அனுப்பல அவன" என்றார்.

முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன. அவரும் நகர்த்தினார். இங்கே நாலு பேர் தொழுதார்கள், உலகத்தின் அடியில் முப்பது பேர் நின்றார்கள். என் பிள்ளைக்காக நின்ற எந்த வரிசையிலும் நான் இல்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் அங்கே நிற்கும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் இங்கே எழுந்து நின்றிருப்பேன்.